குடைப் புயலும் தையல் புயலும்

டக்.

பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு தடவை. மறுபடி சுற்றினால் மறுபடி ஒரு டக்.

அண்ணி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சுக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். மணி காலை எட்டு இருபது. சுற்றிலும் எழுபத்துமூன்று பெண்கள் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். மைதானம் முழுக்கத் தசைவலித் தைல நெடி.

"என்ன அண்ணி, ரகசியம் சொல்லுதா?" என்றாள் பட்டாசு, வாழைப்பழத்தை உரித்தபடியே.

"சொல்லலை. முனகுது. நீ பழத்தைத் தின்னு."

அண்ணி என்பது பட்டாசுக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. சைக்கிள் கடைக்கு வருகிற தபால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை அத்தனை பேருக்கும் அவள் அண்ணிதான். பட்டாசு அவளுடைய வீட்டுக்காரரின் தங்கை. வயது இருபத்தொன்பது. அந்தப் பெயர் வாய்க்காக வைத்தது. கால்களும் பெயருக்கு ஏற்றபடி வளர்ந்துவிட்டன.

இன்றைய பந்தயத்தில் முதலில் வருகிறவளுக்கு தேசிய அணியில் இடம். ஒரே ஒரு இடம். முப்பது வயது ஆகிவிட்டால் இந்தத் தேர்வுக்கே வர முடியாது. பட்டாசுக்கு முப்பது வர இன்னும் இரண்டு மாதம். ஆக, இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்குமே இல்லை.

அண்ணி பெடல் மாட்டுகிற கிராங்க் தண்டுகளைக் கழற்றினாள். அச்சை உருவினாள். பெடல் அச்சு சுழல்வதற்காக, சைக்கிளின் அடிவயிற்றில் வலது பக்கம் ஓர் எஃகுக் கிண்ணம் திருகி உட்கார்ந்திருக்கும். கடைப் பேச்சில் அதற்குக் கப் என்று பெயர். அதை வெளியே எடுத்து வெயிலில் திருப்பினாள்.

மயிரிழை மாதிரி ஒரு விரிசல், விளிம்பிலிருந்து விளிம்புக்கு.

பழம் பட்டாசின் கையிலேயே நின்றது.

"இதோட ஓட்டினா?"

"ஏழெட்டு கிலோமீட்டர் போகும். அப்புறம் உள்ளே இருக்கிற குண்டு ஒவ்வொண்ணா நொறுங்கும். அதுக்கப்புறம் பெடல் சுத்தாது, நீதான் சுத்தணும்."

"ஸ்பேர்?"

"இருக்கு. பயப்படாதே."

இருந்தது. டூல் பெட்டியின் அடித்தட்டில், பிரிக்காத அட்டைப் பெட்டி. மேலே சாய்வான சிவப்பு எழுத்தில் 'புயல்'. சைக்கிளின் நெற்றியிலும் அதே புயல். போன வாரம்தான் வீட்டுக்காரர் பெரிய டீலரிடம் போய் வாங்கி வந்தார்.

அண்ணி புதுக் கப்புக்கு கிரீஸ் தடவி, அச்சுத் துளையின் வாயில் வைத்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்புறமாகத் திருகினாள். பிடிக்கவில்லை. வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி வைத்தாள். வழுக்கியது. மூன்றாம் தடவை வைக்கவில்லை. கப்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, திருகு மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்தாள்.

பார்த்ததும் அவள் முகம் மாறியது. பட்டாசு அதைக் கவனித்துவிட்டாள்.

"அண்ணி."

"உங்க அண்ணனைக் கூப்பிடு."

வீட்டுக்காரர் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு வந்தார். மனைவியின் கையிலிருந்த கப்பைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"இது குடைப் புயல்," என்றாள் அண்ணி.

*

இந்த இடத்தில் ஒரு நிமிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

புயல் என்ற பெயரில் சைக்கிள் செய்கிற கம்பெனிகள் இரண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒன்று, பரம்பரையாகக் குடை செய்துகொண்டிருந்த கம்பெனி. குடைக்கம்பி வளைத்த கை சும்மா இருக்குமா, சைக்கிள் குழாயையும் வளைத்தது. இன்னொன்று தையல் மெஷின் கம்பெனி. நாட்டின் மறுகோடியில், அதே பத்தாண்டில், அதே பெயரைத் தனியாக யோசித்து வைத்துவிட்டது. விஷயம் தெரிந்தபோது இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். பதினாறு வருஷம் வாதாடிவிட்டு, ஆளுக்கு ஒரு புயல் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. புயல் என்றால் புயல். ரிப்பேர் கடைக்காரர்கள்தான் பிரித்துச் சொல்வார்கள்: குடைப் புயல், தையல் புயல்.

இரண்டு கப்பும் அளவில் ஒன்று. மரையின் நெருக்கமும் ஒன்று. ஆனால் தையல் மெஷின்காரர்களுக்கு ஒரு கவலை. சுற்றுகிற இடத்தில் சாதாரண மரை போட்டால் சுற்றிச் சுற்றியே கழன்றுவிடும் என்று. அதனால் வலது கப்புக்கு மட்டும், இடது பக்கம் திருகினால் இறுகுகிற எதிர் மரை வைத்தார்கள். குடைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றின் கப் இன்னொன்றில் நுழைந்து பார்க்கும், ஏறாது.

பட்டாசின் சைக்கிள் தையல் புயல்.

*

"நான் சும்மா பேரைப் பார்த்து வாங்கிட்டு வரலை," என்றார் வீட்டுக்காரர். குரலில் நியாயம் இருந்தது. "போன வருஷம் கழட்டின தேஞ்ச கப்பைக் கையில எடுத்துட்டுப் போனேன். கடையில வெச்சு, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, பல்லோட பல் சேர்த்துப் பார்த்தேன். தாழ்ப்பாள் மாதிரி உக்காந்துச்சு. இதுக்கு மேல எப்படிப் பாக்கறது?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதாங்க தப்பு. ஒரே பக்கம் திரும்பற மரை ரெண்டைப் பக்கத்துல வெச்சா, பல் ஒண்ணை ஒண்ணு குறுக்கே வெட்டும். சரியா உக்காராது. எதிரும் புதிருமா இருந்தாத்தான் அப்படிக் கட்டிப் புடிச்சுக்கும்."

"அப்போ, கச்சிதமா சேர்ந்ததாலதான்..."

"சேரக் கூடாத ஆளு."

"அண்ணே," என்றாள் பட்டாசு, "உன் வாழ்க்கையில நீ ஜாக்கிரதையா செஞ்ச ஒரே காரியம் இது. அதையும் இன்னைக்குன்னு பார்த்துச் செஞ்சிருக்கே."

"அந்தத் தேஞ்ச கப் எங்கே? அதையாவது போடலாம்," என்றாள் அண்ணி.

"புதுசு வாங்கியாச்சேன்னு டீலர்கிட்டயே விட்டுட்டேன்."

டீயை ஓர் ஈ சுற்றி வந்தது.

வேறு யாருடைய சைக்கிளையாவது வாங்கி ஓட்டலாமே என்றால், அதற்கும் வழியில்லை. காலையிலேயே நடுவர் ஒவ்வொரு சைக்கிளையும் அளந்து, குழாயில் முத்திரை நாடா ஒட்டிவிட்டார். அண்ணி அவரிடமே ஓடினாள். நடுவர் ஒரு ரிட்டயர்டு உடற்பயிற்சி டீச்சர். கழுத்தில் விசில், கையில் இரண்டு ஸ்டாப் வாட்ச்.

"உதிரி பாகம் எத்தனை வேணாலும் மாத்திக்கோங்க. சைக்கிள் மாத்தக் கூடாது," என்றார். "நம்பர் எழுபத்துநாலு. பத்து பதினாலுக்கு அவங்க கோட்டுல நிக்கணும். நிக்காட்டியும் என் வாட்ச் ஓடும்."

பந்தயத்தில் முதல் நம்பர் கிளம்புவது ஒன்பது ஒன்றுக்கு. நிமிடத்துக்கு ஒருத்தி கிளம்ப வேண்டும், தனியாக ஓட்ட வேண்டும், இருபத்தெட்டு கிலோமீட்டர் சுற்றி அதே கோட்டுக்கு வர வேண்டும். யாருடைய நேரம் குறைவோ அவளுக்கு இடம். சீட்டு குலுக்கியதில் பட்டாசுக்குக் கடைசி நம்பர். காலையில் இதற்காகத்தான் அவள் சலித்துக்கொண்டாள். இப்போது அந்தக் கடைசி நம்பர்தான் கையில் மிச்சம் இருந்தது.

அண்ணி ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு துண்டுத்தாளை நீட்டினாள்.

"கவனிக்கவும். புயல் சைக்கிள் வெச்சிருக்கிறவங்க யாராக இருந்தாலும், உடனே பழுது பார்க்கும் கூடாரத்துக்கு வரவும். புயல். பு... ய... ல்."

வந்தார்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள், பால் போட வந்தவர், ஒரு நர்ஸ், இரண்டு போட்டியாளர்கள், கூடவே, மழை வருகிறது என்று புரிந்துகொண்டு தன் புயல் குடையைத் தூக்கி வந்த ஒரு பெரியவர். மொத்தம் பதினோரு சைக்கிள், ஒரு குடை.

அண்ணி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். தையல் புயலைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. தையல் மெஷின்காரர்கள் எதைச் செய்தாலும் எண்ணெய் விடத் துளை வைக்காமல் விடமாட்டார்கள். பெடல் அச்சை மூடிய உருளைக்கு மேலே மிளகு அளவுத் துளையும், அதற்கு ஸ்பிரிங் வைத்த குட்டி மூடியும் இருக்கும்.

முதல் சைக்கிள், துளை இல்லை. இரண்டாவது இல்லை. ஏழாவது, எட்டாவது இல்லை. பதினொன்றாவது நர்ஸுடையது.

"குடை," என்றாள் அண்ணி.

"எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு. நான் போலாமா?" என்றாள் நர்ஸ்.

"போங்கக்கா. ரொம்ப நன்றி. பின் பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, மாத்திடுங்க."

மணி ஒன்பது பதினொன்று.

பட்டாசு கூடாரத்தின் கம்பத்தில் சாய்ந்து, ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அண்ணி கல்யாணமாகி வந்த இந்தப் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை.

"நாடாவைக் கட்டு," என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"கட்டுன்னா கட்டு."

அப்படிச் சொல்லிவிட்டு, எதற்கு என்று தனக்கே தெரியாமல், கிளம்பும் கோட்டைப் பார்த்தாள். பன்னிரண்டாம் நம்பர் மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பந்தயக்காரர்கள் எல்லோரும் அவளை நெட்டை என்பார்கள். போன வருஷம் மாநிலப் போட்டியில் முதலில் வந்தவள் அவள்தான். முதுகில் பெரிதாக 'புயல்' என்று போட்ட மஞ்சள் சட்டை. குடைக் கம்பெனி மாட்டிவிட்ட சட்டை. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட கம்பெனிக்காரர், கையில் கொடி.

நெட்டை சைக்கிளைச் சற்றுச் சாய்த்து, காலைத் தூக்கிப் போட்டாள்.

சாய்த்த அந்த ஒரு நொடியில், பெடல் உருளைக்கு மேலே ஏதோ மின்னியது. மிளகு அளவு மூடி ஒன்று.

"மூணு, ரெண்டு, ஒண்ணு," என்றார் நடுவர். நெட்டை போய்விட்டாள்.

*

"உளறாதே," என்றார் வீட்டுக்காரர். "அவளைக் குடைக் கம்பெனியே தத்து எடுத்திருக்கு. போஸ்டர் எல்லாம் ஒட்டியிருக்காங்க. அவ எப்படி தையல் புயல் ஓட்டுவா?"

"மூடியைப் பார்த்தேங்க."

"பளபளன்னு சேறு இருந்திருக்கும்."

"நான் பார்த்தேன்."

பத்து வருஷத்தில் அந்தக் குரலோடு வாதாடி வீட்டுக்காரர் ஜெயித்தது கிடையாது.

கணக்கு இதுதான். நெட்டை ஏறக்குறைய நாற்பத்திரண்டு நிமிடத்தில் திரும்புவாள். ஒன்பது ஐம்பத்துநாலு. பட்டாசு கிளம்ப வேண்டியது பத்து பதினாலு. நடுவில் இருபது நிமிடம். அந்த சைக்கிளில் கழற்ற வேண்டும், இந்த சைக்கிளில் மாட்ட வேண்டும். கடையில் நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேர வேலை.

இது அத்தனையும் நெட்டை சரி என்று சொன்னால். சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. அவளைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆள் பட்டாசுதான்.

அண்ணி ஒரு துணியை விரித்து, ஸ்பேனர்களை எடுக்கும் வரிசையில் அடுக்கினாள். பால்ரஸ் குண்டுகளைக் கழுவி, கிரீஸில் பதித்து, தயாராக வைத்தாள். வீட்டுக்காரரின் கையில் கப் ஸ்பேனரைக் கொடுத்து, எதிரே உட்கார வைத்தாள்.

"நான் 'பிடி'ன்னா பிடிக்கணும். 'விடு'ன்னா விடணும். நடுவுல கருத்துச் சொல்லக் கூடாது."

"கல்யாணத்தப்பவும் இதையேதான் சொன்னே."

ஒன்பது ஐம்பத்துமூன்றுக்கு வளைவில் மஞ்சள் சட்டை தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. நெட்டை கோட்டைத் தாண்டினாள். நாற்பத்தோரு நிமிடம், ஐம்பது விநாடி. அதுவரை வந்தவர்களில் யாரும் அவளுக்கு ஒரு நிமிடம் கிட்டேகூட இல்லை.

கம்பெனிக்காரர் கொடியைப் போர்த்திவிட, போட்டோக்காரர் ஓடி வர, அவர்களுக்கு நடுவே கிரீஸ் கையோடு அண்ணி நுழைந்தாள். போனதும் முதல் வேலையாகக் குனிந்தாள். மூடி இருந்தது. விரல் நுனியால் தட்டினாள். திறந்து மூடியது.

"யாருங்க நீங்க?" என்றாள் நெட்டை, மூச்சு வாங்கிக்கொண்டே.

"சைக்கிள் மெக்கானிக். உங்க வலது கப் எனக்கு வேணும். ஒரு மணி நேரத்துக்கு."

"எதுக்கு?"

"எழுபத்துநாலாம் நம்பருக்கு. அவ என் நாத்தனார். கப் உடைஞ்சு போச்சு. இந்த மைதானத்துல அவ சைக்கிளுக்குப் பொருந்தற கப் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

நெட்டை முகத்தைத் துடைத்தாள். "எழுபத்துநாலுன்னா பட்டாசு தானே? அவ ஓட்டலைன்னா எனக்கு இடம் கிடைச்ச மாதிரிதான். அப்புறம் நான் ஏன் தரணும்?"

"தரணும்னு இல்லை. கேக்காம போனா எனக்குத் தூக்கம் வராது. அதான் கேட்டேன்."

கம்பெனிக்காரர் நடுவில் வந்தார். "என்னம்மா, ஆளைத் தள்ளிட்டு? இது எங்க சைக்கிள். எங்க கப். வேற கம்பெனி சைக்கிளுக்குப் பொருந்தவே பொருந்தாது."

"கரெக்ட் சார். உங்க கப்னா பொருந்தாது. இது தையல் புயல். துளை இருக்கு பாருங்க."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். பார்த்தார். திரும்ப மாட்டினார். "துளைதானே? எந்த மெக்கானிக் வேணாலும் போடுவான். பேட்ஜைப் படிங்க. புயல்னுதான் போட்டிருக்கு." நெட்டையிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "நீங்க போட்டோவுக்கு நில்லுங்க மேடம். நான் பத்திரிகைக்கு என்ன சொல்லியிருக்கேன் தெரியுமா? இந்த வேகத்துக்குக் காரணமே எங்க பெடல் அச்சுதான்னு சொல்லியிருக்கேன். அதைப் போய் கழட்டிக் காட்டறதா?"

"ஒரு வருஷமா இதையேதான் சொல்றீங்க," என்றாள் நெட்டை.

"உண்மைதானே மேடம்."

"அப்போ கால் யாரோடது?"

கம்பெனிக்காரர் சிரித்துச் சமாளித்தார். நெட்டை சிரிக்கவில்லை. தன் சைக்கிளைக் குனிந்து பார்த்தாள். "இது எங்க சித்தி வாங்கிக் கொடுத்தது. நான் ஜெயிச்ச பிறகுதான் நீங்க வந்தீங்க. பேட்ஜைப் பார்த்தீங்க, சட்டையை மாட்டிவிட்டீங்க. உள்ளே என்ன இருக்குன்னு யாரும் பார்க்கலை. நானும்தான்."

பட்டாசு பின்னாலிருந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி. பாவம், ஜெயிச்சவங்க நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும். நான் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவங்களுக்கே தெரியும்."

நெட்டை நிமிர்ந்தாள். பட்டாசைவிட ஓர் அடி உயரத்திலிருந்து கேட்டாள்: "என்ன ஆகியிருக்கும்?"

"ரெண்டாவது வந்திருப்பீங்க."

மணி ஒன்பது ஐம்பத்தேழு.

நெட்டை போர்த்தியிருந்த கொடியை எடுத்துக் கம்பெனிக்காரர் தோளில் போட்டாள். "எந்தப் பக்கம் திருகினா கழலும்?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"தையல் புயல்னா வலது பக்கம். குடைப் புயல்னா இடது பக்கம்."

"நீங்க வலது பக்கமே திருகுங்க. கழண்டா எடுத்துக்கோங்க. இறுகிச்சுன்னா அதோட நிறுத்திட்டுப் போயிடணும்."

"குடைப் புயலா இருந்து நான் வலது பக்கம் திருகிட்டா, ஃப்ரேம் மரையே போயிடும். சொல்லாம செய்யக் கூடாது, அதான் சொல்றேன்."

நெட்டை ஒரு விநாடி யோசித்தாள். "நான் யாரோட புயல்ல ஓடிட்டிருக்கேன்னு எனக்கும் தெரியணும். திருகுங்க."

*

அண்ணி கிராங்கை உருவியது ஒரு நிமிடம். அச்சை எடுத்தது இரண்டு நிமிடம். குண்டுகள் துணியில் உருண்டன, நெட்டையே மண்டியிட்டு அவற்றைப் பொறுக்கினாள். பத்து மணி ஒரு நிமிடத்துக்குக் கப் ஸ்பேனர் உட்கார்ந்தது.

"பிடிங்க."

வீட்டுக்காரர் சட்டத்தைக் கட்டிப் பிடித்தார். அண்ணி வலது பக்கம் அழுத்தினாள்.

அசையவில்லை.

முழு எடையையும் போட்டாள். ஸ்பேனர் கைப்பிடி வளைவது போலிருந்தது. கப் அசையவில்லை.

"இறுகுது பாருங்க," என்றார் கம்பெனிக்காரர். "நான்தான் சொன்னேனே."

இறுகுகிறதா, துருப் பிடித்து நிற்கிறதா? கைக்குத் தெரியவில்லை. இன்னும் ஓர் அழுத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். கழலும், அல்லது அடுத்தவள் சைக்கிள் பாழாகும். அண்ணி கையை எடுத்தாள். எண்ணெய்க் குப்பியை எடுத்து, அந்தக் குட்டி மூடியைத் திறந்து, உள்ளே ஊற்றினாள். மெல்ல ஐம்பது வரை எண்ணினாள். அந்த ஐம்பதில் பட்டாசு தன் நகம் பத்தையும் கடித்து முடித்துவிட்டாள்.

"என்னங்க, ஸ்பேனர் மேல ஏறி நில்லுங்க."

"நானா? எழுபத்தெட்டு கிலோ."

"இத்தனை நாள் வடிச்சுக் கொட்டினதெல்லாம் எதுக்குன்னு நெனச்சீங்க? ஏறுங்க."

வீட்டுக்காரர் ஏறினார். ஒரு கையால் பட்டாசின் தோளையும் மறு கையால் கம்பெனிக்காரரின் தோளையும் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்காரர் விலகியிருக்கலாம். அவருக்கே என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது போல.

கிரீச்.

ஸ்பேனர் சடாரென்று இறங்கியது. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தார். அண்ணி குனிந்து, கப்பை விரலால் தொட்டு, வலது பக்கம் சுற்றினாள். கப் இழை இழையாக வெளியே வந்தது.

"தையல்," என்றாள்.

நெட்டை தன் மஞ்சள் சட்டையைக் குனிந்து பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள். கம்பெனிக்காரர் செல்போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உள்ளே வைத்தார்.

பத்து ஆறு. கப் பட்டாசின் சைக்கிளில் ஏறியது. முதல் இழையிலேயே கவ்விப் பிடித்தது.

பத்து எட்டு. வலது பக்கக் குண்டுகள். அச்சு. இடது கப்.

பத்து பதினொன்று. கிராங்க் இரண்டும். அண்ணியின் நெற்றி வேர்வை கிரீஸில் சொட்டியது. பட்டாசு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். செயினை நெட்டை மாட்டினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"எழுபத்துநாலு," என்றது ஒலிபெருக்கி. "எழுபத்துநாலு எங்கே?"

இன்னும் ஒரு வேலை பாக்கி. இடது பக்கம், கப் கழலாமல் பிடிக்கிற பூட்டு வளையத்தை இறுக்க வேண்டும். அண்ணி பாதி இறுக்கியபோது நடுவரின் குரல் கேட்டது: "மூணு, ரெண்டு, ஒண்ணு." மேடை காலியாக இருந்தது. வாட்ச் ஓடத் தொடங்கியது.

"போ," என்றாள் அண்ணி. "பூட்டு வளையம் பாதிதான் இறுகியிருக்கு."

"கழண்டா?"

"கழண்டா நின்னு கையால இறுக்கிட்டு ஓட்டு. போடி."

பட்டாசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடி, ஓட்டத்திலேயே ஏறி, கோட்டைத் தாண்டியபோது பதினோரு விநாடி போயிருந்தது.

*

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை.

அண்ணி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வீட்டுக்காரர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நெட்டை எதிரே, கிராங்க் இல்லாத தன் சைக்கிளை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். பாதித் தூரத்தில் நின்ற ஆள் வாக்கி டாக்கியில் ஒவ்வொருத்தியின் நேரத்தையும் சொல்வார். நடுவர் அதைக் கரும்பலகையில் எழுதுவார்.

பத்து முப்பத்துநாலுக்குச் சாக்பீஸ் கிறீச்சிட்டது. எழுபத்துநாலு: பாதி வழியில், நெட்டையைவிட ஏழு விநாடி பின்னால்.

"பதினோரு விநாடி லேட்டா கிளம்பினவ," என்றார் வீட்டுக்காரர். "நாலு விநாடி பிடிச்சிருக்கா."

"பாதி வழி வரைக்கும் வளையம் கழலலை," என்றாள் அண்ணி. அவளுக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் ஓடியது.

"திரும்பி வர்ற வழியில எதிர்க்காத்து," என்றாள் நெட்டை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "அவ குள்ளம். காத்து அவ்வளவா அடிக்காது," என்றாள்.

ஐம்பத்துமூன்று. ஐம்பத்துநாலு. வளைவில் ஒன்றும் இல்லை. பத்து ஐம்பத்தைந்து முப்பது. நெட்டையை ஜெயிக்க இன்னும் இருபது விநாடி. வளைவில் ஒரு புள்ளி, தலை கைப்பிடிக்கும் கீழே. கூட்டம் கத்தியதில் ஒலிபெருக்கி கேட்கவில்லை. அண்ணி துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். நெட்டை தன்னை அறியாமல் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "குனி, குனி, இன்னும் குனி," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கு எதிராக ஓடுகிறவளுக்குச் சொல்கிறோம் என்பது அப்போது அவளுக்கு நினைவில்லை.

பட்டாசு கோட்டைத் தாண்டினாள்.

நடுவர் இரண்டு வாட்ச்சையும் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பலகையில் எழுதினார்.

நாற்பத்தொன்று, நாற்பத்தேழு.

மூன்று விநாடி.

பட்டாசு சைக்கிளோடு புல்லில் விழுந்து கிடந்தாள். முதலில் அங்கே போனவள் நெட்டை. மேலே நின்றபடி பார்த்தாள்.

"பதினோரு விநாடி லேட்டா கிளம்பினே," என்றாள்.

"ஆமா."

"அப்போ நான் மூணு விநாடியில தோக்கலை. பதினாலுல தோத்திருக்கேன்."

பட்டாசுக்கு வாய் இருந்தது, மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கு இருபத்திரண்டு வயசுதான் ஆகுது," என்றாள் நெட்டை. "நீ ஊர் ஊரா போய் ஓட்டிட்டு வா. ஒழுங்கா ஓட்டு. இல்லேன்னா கப் கொடுத்த எனக்குத்தான் அசிங்கம்." கண் ஓரத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அண்ணியிடம் திரும்பினாள். "ஒரு மணி நேரம்னீங்க. ஆகப் போகுது. நான் வீட்டுக்கு சைக்கிள்லதான் போகணும்."

அண்ணி கிரீஸ் கையோடேயே அவள் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு உட்கார்ந்து, ஜெயித்த சைக்கிளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பக்கம் கம்பெனிக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், புயல்தான். முதல் இடமும் புயல், ரெண்டாவது இடமும் புயல். எந்தப் புயலா?" அண்ணியைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "நேர்ல வந்து சொல்றேன் சார்."

பன்னிரண்டு மணிக்கு நெட்டை தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். பட்டாசின் சைக்கிளுக்கு இப்போது வலது கப் இல்லை, அதனால் அச்சு இல்லை, அதனால் பெடலும் இல்லை. மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். செயின் தொங்கிச் சக்கரத்தில் சிக்கியதால் வீட்டுக்காரர் சைக்கிளைத் தோளில் சுமந்தார். அண்ணி டூல் பெட்டியைச் சுமந்தாள். பட்டாசு கழுத்தில் மெடலோடு, கிராங்க் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்த குரலில் விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"பந்தயத்துல ஜெயிச்சவளை நடக்க வெச்சுக் கூட்டிட்டுப் போற குடும்பம் உலகத்துலேயே இது ஒண்ணுதான் அண்ணே."

பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி, தோளிலிருந்த சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சார், ரிப்பேரா?"

"இல்லைங்க," என்றார் வீட்டுக்காரர். "முதல் பரிசு."